திரையில் சிந்திய நெல்

படப்பெட்டி வந்து இறங்கியதும் முகம்மது யூசுப் செய்கிற முதற்காரியம் ஒன்று உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஆபரேட்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, சுருளை ரீவைண்டரில் மாட்டுவார். படத்தின் விளிம்பைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட்டு, தொடக்கம் முதல் கடைசி வரை தடவிப் பார்ப்பார். கண் தவறவிடும் கிழிசலை விரல் தவறவிடாது என்பது அவர் கொள்கை. ஓரத்துளை பிய்ந்த இடத்தை மட்டும் நறுக்கி ஒட்டுவார். நறுக்கிய துண்டு இரண்டு விரற்கடையே ஆனாலும் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, சுருளின் எண் எழுதிய சீட்டுடன் பெட்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். மற்றக் கொட்டகைகளில் கதாநாயகியின் முகம் விழுந்த துண்டுகள் ஆபரேட்டர்களின் சட்டைப் பைக்குள் குடிபோவது ஊரறிந்த சங்கதி. இருபது வருஷ உத்தியோகத்தில் யூசுப் ஒரு சாண் படத்தைக்கூட வைத்துக்கொண்டதில்லை. நல்ல சுருளில் கத்தரி வைத்ததுமில்லை.

அந்த வழக்கம் ஒரு தை மாதத்து வெள்ளிக்கிழமை முறிந்தது.

குடவாசலுக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய தரிசுத் திடலில் ஜெக்கரியா ராவுத்தரின் டூரிங் கொட்டகை நின்றது. திடல் மிராசுதார் சாரங்கபாணிக்குச் சொந்தம். கொட்டகையைச் சுற்றி நாலு பக்கமும் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. புது ஆட்சி வந்து மூன்றாவது அறுவடை அது. 'உழைப்பவனுக்கு உரியது கிடைக்கும்' என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். கிடைக்கவேண்டியது எவ்வளவு என்பதில்தான் வயலுக்கு வயல் வழக்கு. செங்கொடிச் சங்கத்து ஆட்கள், கூலி நெல் அளக்கிற மரக்கால் சரியில்லை என்றார்கள். மிராசுதார், பிடிக்காதவர்கள் அறுக்க வேண்டாம், வெளியூர் ஆள் வரும் என்றார். கடைசியில் உள்ளூர்க்காரர்களே அறுத்தார்கள். ஆனால் களத்தில் காவலுக்கு ஒருவனை அவர் கொண்டுவந்து வைத்தார்.

அவன் பெயர் வீரையன். சிலம்பக்காரன். திருவிழாவுக்குத் திருவிழா, கந்தூரிக்குக் கந்தூரி என்று கம்பும் ஒரு துணிமூட்டையுமாகத் திரிகிறவன். ஆறடிக் கம்பைச் சுழற்றினால் எறிந்த எலுமிச்சம்பழம் அவன் மேல் படாது. ஆனால் திருவிழா இல்லாத மாதங்களில் வித்தை சோறு போடுவதில்லை. இரண்டு வேளைச் சாப்பாடும் ஒரு வேட்டியும் என்று மிராசுதார் சொன்னதும் வந்துவிட்டான். யாரை அடிக்க வேண்டியிருக்கும் என்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பெட்டி மாறி வந்தது. திருச்சி வினியோக ஆபீசில் 'பழைய கத்திச்சண்டைப் படம்' என்று கேட்டிருந்தார்கள். ஏதோ பிலிம் சங்கத்துக்குப் போய்த் திரும்பிய ஜப்பான் தேசத்துப் படம் ஒன்று அந்தப் பெயரில் வந்து இறங்கிவிட்டது. மாற்றுப்பெட்டி திங்கட்கிழமைதான் என்றார்கள். அறுவடைக் காலத்து வெள்ளியும் சனியும் ஞாயிறும் கொட்டகை மூடிக் கிடப்பதாவது? ஜெக்கரியா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஓட்டலாம் முதலாளி," என்றார் யூசுப். "எனக்கு அந்தப் பாஷை தெரியும்."

உண்மைதான். பதினெட்டு வயதில் பினாங்குக்குப் பிழைக்கப் போய், அங்கே ஒரு சினிமாக் கொட்டகையில் எடுபிடியாக இருந்தபோது யுத்தம் வந்தது. ஜப்பான் பட்டாளம் கொட்டகையைப் பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் அவர்களுடைய பாட வகுப்பு, மாலையில் அவர்களுடைய படம். மூன்றரை வருஷம் அப்படிப் படித்த பாஷை, அதன்பின் இருபத்துநாலு வருஷமாகப் பூட்டிய பெட்டியில் கிடந்தது. வியாழனன்று பகலில் கொட்டகையைச் சுற்றிப் படுதா கட்டி இருட்டாக்கிப் படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பூட்டு திறந்துகொண்டது.

கதை இதுதான். எசமான் இல்லாத சாமுராய் ஒருவன், ஊர் ஊராகத் திரிகிறவன், மழையில் நனைந்துகொண்டு ஓர் ஆற்றோரக் கிராமத்துக்கு வருகிறான். யூசுப் அவனுக்கு 'வழிப்போக்கன்' என்று பெயர் வைத்தார். அந்த ஊர்ப் பிரபு அவனுக்குச் சோறு போட்டு, நெற்களஞ்சியத்துக்குக் காவல் வைக்கிறான். குடியானவர்கள் பங்கு நெல் கேட்டு வருகிறார்கள். பிரபு மரப்பெட்டி ஒன்றால் அளக்கிறான்; எவ்வளவு அளந்தாலும் அவர்கள் சாக்கு நிறைவதில்லை. ஒரு கிழவன் முன்னால் வந்து நிற்கிறான். வெட்டு என்கிறான் பிரபு. வழிப்போக்கன் வாளை உருவுகிறான். ஆனால் வாள் கிழவன்மேல் இறங்கவில்லை, அளவுப்பெட்டிமேல் இறங்குகிறது. பெட்டி இரண்டாகப் பிளந்து நெல் சிந்துகிறது. உள்ளே ஒரு பொய்யான அடிப்பலகை. அதைக் காலால் தள்ளிவிட்டு அவன் மழையில் வந்த வழியே போகிறான்.

புதுப்படம் வந்தால் திடலின் சொந்தக்காரருக்கு முதல் ஆட்டத்தில் நாற்காலி போடுவதும், அன்று பிற்பகல் அவர் வீட்டுக்குப் போய்க் கதையை ஒரு வரியில் சொல்லிவிட்டு வருவதும் கொட்டகை வழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் யூசுப் போனார். மிராசுதார் கும்பகோணத்துக் காபியை வரவழைத்துக் கொடுத்து, கதை முழுவதையும் கேட்டார். ஒருதரம்கூடக் குறுக்கே பேசவில்லை.

"பேஷ். நல்ல கதை," என்றார் முடிவில். "அந்தக் கடைசிப் பெட்டி உடைக்கிற சமாசாரம் எவ்வளவு நேரம் வரும்?"

"ரெண்டு நிமிஷம் வரும்ங்க."

"படம் நடுவுல அறுந்துபோறது சகஜந்தானே பாய்? ரெண்டு நிமிஷம் அறுந்துபோச்சுன்னா யாருக்கு நஷ்டம்?"

யூசுப் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"லைசென்சு புதுப்பிக்கணும், நிலத்துக்காரன் சம்மதக் கடுதாசி வேணும்னு ஜெக்கரியா கேட்டிருக்கார். எழுதி மேசையிலதான் வச்சிருக்கேன். கையெழுத்துதான் பாக்கி." அவர் குரலில் கோபமே இல்லை. "சேவகன் எசமானுக்கு விசுவாசமா இருந்தான், கதை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போங்க. இந்த ஜில்லாவுலயே சப்பான் பாஷை தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர். உங்களைத் திருத்த யார் வரப்போறா?"

கொட்டகையில் பதினோரு பேருக்குச் சம்பளம். யூசுப் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் ஹமீதா பானு. வாய்க்கால் கரையில் நடந்து வரும்போது இவற்றையெல்லாம் அவர் மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தார். தப்புச் செய்யப் புறப்படுகிறவனுக்குக் காரணம் கிடைப்பதா அரிது? கடைசிச் சுருளை எடுத்தார். விரல் ஒரு கிழிசலையும் காணவில்லை. கத்தரியை வைத்தார். இரண்டு கையையும் விரித்து அளந்தால் முப்பது பாகம் வரும் நீளம் தரையில் சுருண்டு விழுந்தது. அதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டார். சீட்டு எழுதவில்லை.

மாலை ஆட்டம் நிரம்பி வழிந்தது. கயிற்றுக்கு முன்னால் மணல்தரை, பின்னால் பெஞ்சு, கடைசியில் மிராசுதாரின் நாற்காலி. அறிவிப்புச் செய்கிற மைக்கை எடுத்து வைத்துக்கொண்டு யூசுப் கதை சொன்னார். அவருக்குள் இப்படியொரு கதைசொல்லி இருந்தது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. மழையில் நனைந்தவனோடு சனமும் நனைந்தது. அவன் சோற்றை அள்ளித் தின்றபோது முன்வரிசையில் யாரோ, "பாவம், மென்னு தின்னுடா," என்றார்கள். கடைசியில் கிழவன் முன்னால் வந்து நின்றான். ஒட்டு கடந்து போயிற்று. திரையில் வழிப்போக்கன் மழையில் நடந்துகொண்டிருந்தான்.

"கிழவன் தன் தப்பை உணர்ந்து திரும்பிப் போனான்," என்று மைக்கில் சொன்னார் யூசுப். "உப்பிட்டவனுக்கு உண்மையாக இருந்த வீரன், கடமை முடித்து அடுத்த ஊருக்குப் புறப்பட்டான். வாங்கின சோற்றுக்கு விசுவாசமே வாளுக்கு அழகு."

மணல்தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த வீரையன் அந்தக் கடைசி வாக்கியத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் மாலை, ஆட்டத்துக்கு முன்னால், அவன் ஆபரேட்டர் அறை வாசலில் வந்து நின்றான். கம்பைச் சுவரில் சாத்தியிருந்தான்.

"பாய், இன்னைக்கு அந்தச் சப்பான்காரன் செஞ்சதைத்தான் நானும் செஞ்சேன்."

"என்னடா செஞ்சே?"

"களத்துல கூலி அளந்தாங்க. ராசம்மான்னு ஒரு பொம்பள, மரக்காலுக்குள்ள கையை விட்டு ஆழம் பாக்கறேன்னு வந்துச்சு. தடுன்னு மிராசுதாரோட காரியக்காரர் சொன்னார். ஒரு நிமிசம் யோசிச்சேன். நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. மணிக்கட்டுல ஒரே தட்டு." அவன் தரையைப் பார்த்தான். "மெதுவாத்தான் தட்டினேன் பாய். எலும்பு விட்டுப்போச்சு. அந்தப் பொம்பள கத்தவே இல்லை. என்னை ஒரு பார்வை பாத்துச்சு. நான் செஞ்சது சரிதானே? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

யூசுப் திரும்பிச் சுருளை மாட்டினார். ஆட்டத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். அன்றும் அதே பொய்யை மைக்கில் சொன்னார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் உமியை மெல்வதுபோல் இருந்தது.

ஞாயிறு காலையில் அவர் ராசம்மாளின் குடிசைக்குப் போனார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய வலக்கையை மடியில் கிடத்திக்கொண்டு, இடக்கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். வாசலில் நின்றவரை அண்ணாந்து பார்த்தாள்.

"வாங்க பாய். கதை சொல்ற வாயைக் கிட்டத்துல பாக்கறது இப்பத்தான்."

"கை எப்படிம்மா இருக்கு?"

"கை இருக்கு, கருக்கருவாதான் பிடிக்காது. எங்க முறையை யாரு அறுப்பா? அறுக்காதவளுக்கு நெல்லு ஏது?" கீரைத் தண்டை ஒடித்தாள். "வந்தது வந்தீங்க, வெள்ளிக்கிழமை படம் பாத்ததுலேர்ந்து எனக்கு ஒரு சந்தேகம், அதைத் தீத்து வச்சுட்டுப் போங்க. அந்தக் கிழவன் வந்து நிக்கிறப்ப தரை சுத்தமா இருந்துச்சு. சாணி போட்டு மெழுகின களம் மாதிரி. அப்புறம் அந்தக் கத்திக்காரன் மழையில போறான், பின்னால களம் தெரியுது. தரை பூரா நெல்லு."

யூசுப் வாசலில் குந்தி உட்கார்ந்தார்.

"ஒரு படி ரெண்டு படி இல்ல பாய். ஒரு மரக்கால் நெல்லு சிந்திக் கிடக்கு. யாரு சிந்தினா? சிந்தின நெல்லைக் குடியானவன் பொறுக்காம திரும்பிப் போவானா? நீங்க சொன்ன கதை சப்பான்காரனுக்கு வேணா சரியா இருக்கும். நெல்லுக்குச் சரியா இல்ல."

நூற்றுக்கணக்கான பேர் பார்த்த படம். பெஞ்சில் இருந்தவர்கள் வாளைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். இவள் தரையைப் பார்த்திருக்கிறாள். ஜில்லாவிலே அவரைத் திருத்த யாருமில்லை என்று சொன்னவருக்கு, நெல்லுக்கும் ஒரு பாஷை உண்டு என்பது நினைவில்லாமல் போயிற்று.

"சிந்தினதை நான்தாம்மா வெட்டி எடுத்துட்டேன்," என்றார் யூசுப். முழுவதையும் சொன்னார். காபியைச் சொன்னார், கடுதாசியைச் சொன்னார், பிஸ்கட் டப்பாவைச் சொன்னார். வீரையன் கையிலிருந்த கம்புக்குத் தன் வாய்தான் விசை கொடுத்தது என்பதையும் சொன்னார். "என்னை மன்னிச்சுரும்மா."

ராசம்மாள் கீரையைச் சட்டியில் அள்ளிப் போட்டாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன பாய் ஆகப்போவுது? குடிசையில சொன்ன பொய்யா இது? மைக்குல சொன்னீங்க. மைக்குலதான் மாத்தணும்."

அங்கிருந்து நேரே ஜெக்கரியாவிடம் போனார் யூசுப். இது தன் ஒருவன் சோறு மட்டுமல்ல. முதலாளியின் கொட்டகையும் இதில் கட்டுண்டு கிடக்கிறது. ஜெக்கரியா கேட்டு முடித்து, தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வெட்டினப்ப என்னைக் கேட்டியா?"

"இல்ல முதலாளி."

"ஒட்டறப்ப மட்டும் எதுக்குக் கேக்கறே?" என்றார். பிறகு சிரித்தார். "ஒரு குளத்தாங்கரையில நண்டும் ஆமையும் குடியிருந்துச்சாம். கரைக்குச் சொந்தக்கார நரி வந்து, சொன்னபடி கேக்கலேன்னா வளையை அடைச்சுருவேன்னுச்சாம். நண்டு காலைப் பிடிச்சு அழுதுச்சு. ஆமை கேட்டுச்சாம், 'எனக்கு எந்த வளையை அடைப்பே?' நம்ம கொட்டகைக்கு வேர் ஏதுடா யூசுப்பு, முளைக்குச்சிதானே. பிடுங்கினா வேளாங்கண்ணிப் பக்கம் நட்டுக்கலாம். போய் ஒட்டு."

ஒட்டுவதற்கு முன் யூசுப் இன்னொரு படி ஏறினார். மிராசுதார் வீட்டுப் படி. இம்முறை காபியைத் தொடவில்லை.

"இன்னைக்கு முழுப் படமும் ஓடும்ங்க. முதுகுக்குப் பின்னால செய்ய மனசில்லாம சொல்லிட்டுப் போக வந்தேன். உங்க நாற்காலி போட்டிருக்கும்."

சாரங்கபாணி மேசையிலிருந்த கடுதாசியை எடுத்து நாலாக மடித்தார். "நாளைக்கே திடல் காலியாகணும்."

"ஆகும்ங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அறைக்கு வந்து கையைக் கழுவினார். டப்பாவைத் திறந்து முப்பது பாகத்தையும் பழைய இடத்தில் வைத்து, இரண்டு முனையிலும் பசை தடவி அழுத்திப் பிடித்தார். காய்ந்தபின் விரலை ஓட்டிப் பார்த்தார். இரண்டு சிறு தழும்புகள் தட்டுப்பட்டன.

ஞாயிறு ஆட்டத்துக்கு நாற்காலி காலியாகவே இருந்தது. மணல்தரை நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் ராசம்மாள் கையைத் தூளியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கயிற்றை ஒட்டி வீரையன், கம்பைத் தொடைமேல் கிடத்தியிருந்தான். கடைசிச் சுருளை மாட்டுவதற்கு முன்னால் விளக்கைப் போட்டு யூசுப் மைக்கை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் இந்தக் கதையின் முடிவை நான் பொய்யாகச் சொன்னேன். படத்தை வெட்டியது என் கை. பொய் சொன்னது என் வாய். அதை நம்பி ஒருவர் கம்பை வீசினார், ஒருவர் கை ஒடிந்தது. இரண்டு குற்றமும் என்னைச் சேர்ந்தவை. இனி வருவதற்கு நான் அர்த்தம் சொல்லப் போவதில்லை. நீங்களே பாருங்கள்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. "அப்ப ரெண்டு நாள் டிக்கெட்டு?" என்று ஒருவன் குரல் கொடுத்தான். "சும்மா இருடா, இப்பத்தான் படமே ஆரம்பிக்குது," என்று இன்னொருவன் அவனை அமர்த்தினான்.

விளக்கு அணைந்தது. கிழவன் வந்து நின்றான். பிரபு கையை உயர்த்தினான். வாள் உறையைவிட்டு வந்த ஓசை கொட்டகை முழுவதும் கேட்டது. மரம் பிளந்தது. நெல் கொட்டியது. பொய்யடிப் பலகை தரையில் தெறித்து, ஒருமுறை சுற்றி, விழுந்து அடங்கியது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ராசம்மாளின் குரல், பக்கத்து வீட்டாரோடு பேசுகிற சாதாரணக் குரல் வந்தது:

"அதான பாத்தேன். இப்பச் சரியா இருக்கு."

வீரையன் படம் முடியுமுன் எழுந்து போய்விட்டான்.

திங்கள் காலை விடிந்ததும் கொட்டகையின் முளைக்குச்சிகளைப் பிடுங்கத் தொடங்கினார்கள். பக்கத்துக் களத்தில் முந்திய நாள் அடித்த நெல்லுக்குக் கூலி அளக்க ஆட்கள் கூடியிருந்தார்கள். யூசுப் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருந்தார். வீரையன் களத்துக்குள் நடந்தான். கூட்டம் பின்வாங்கியது. காரியக்காரர் தைரியமாக மரக்காலை நெல்லில் அழுத்தப் போனார்.

"கொஞ்சம் இருங்க," என்றான் வீரையன்.

அவன் கம்பைச் சுழற்றவில்லை. வெறும் மரக்காலைத் தரையில் நிமிர்த்தி வைத்து, கம்பின் நுனியை அதனுள் நட்டான். வாய்விளிம்பு தொட்ட இடத்தில் பெருவிரல் நகத்தால் ஒரு கீறல் போட்டான். பிறகு கம்பை எடுத்து மரக்காலுக்கு வெளியே நட்டான். கீறல் விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே நின்றது; உள்ளே அவ்வளவும் பொய்யடி. அதை எல்லாரும் பார்க்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். பெரியவர்கள் குனிந்து பார்த்தார்கள். பெண்கள் வந்து பார்த்தார்கள். காரியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"வேற மரக்கால் வரட்டும்," என்றார் கூட்டத்தில் ஒருவர். "வர்ற வரைக்கும் நெல்லு இங்கேயே கிடக்கும். நாங்களும் இங்கேயே கிடக்கிறோம்."

காரியக்காரர் மிராசுதார் வீட்டுக்கு ஆளனுப்பினார். வெயில் ஏறும்வரை ஒருவரும் நகரவில்லை. பிறகு சர்க்கார் முத்திரை குத்திய இரும்பு மரக்கால் ஒன்று துணியில் சுற்றியபடி வந்து சேர்ந்தது. சாரங்கபாணி வரவில்லை.

வீரையன் வேட்டியையும் சாப்பாட்டையும் விட்டான். ஆனால் ஊரைவிட்டுப் போகவில்லை. கம்பைக் களத்து ஓரத்தில் சாத்திவிட்டு, கூட்டத்தில் நின்ற ராசம்மாளிடம் போய் நின்றான்.

"அக்கா, உங்க அருவாளைக் குடுங்க."

"எதுக்கு?"

"கை கூடற வரைக்கும் உங்க முறையை நான் அறுக்கறேன். நெல்லு உங்க பேர்ல அளக்கட்டும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கம்பு சுத்தற கைக்குக் கதிர் பிடிபடுமா? தாளைப் பாதியில வெட்டி வச்சா மாடு கூடச் சிரிக்கும்."

"சொல்லிக் குடுங்க."

இடுப்பிலிருந்த அரிவாளை இடக்கையால் உருவி நீட்டினாள். அவன் வயலில் இறங்கினான். முதல் பிடி கோணலாக வந்தது. வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவன் நிமிராமல் இரண்டாவது பிடியை அறுத்தான்.

யூசுப் கயிற்றுச் சுருளை வண்டியில் போட்டார். வேளாங்கண்ணி போகிற வண்டி பிற்பகலில்தான் புறப்படும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி, வீரையன் அறுத்துப் போட்ட அரிகளைச் சேர்த்தார்.

"உங்களுக்குக் கட்டுக் கட்டத் தெரியுமா பாய்?" என்று வரப்பிலிருந்து கேட்டாள் ராசம்மாள்.

"தெரியாதும்மா. தப்பா இருந்தா அவிழ்த்து விட்டுருங்க. மறுபடி கட்டறேன்."

வைக்கோல் பிரியை முறுக்கிச் சுற்றி முடிந்தார். பிறகு பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிரியின் மேல் வைத்து, எங்கேனும் இளக்கம் இருக்கிறதா என்று சுற்றிலும் ஒருமுறை மெதுவாகத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் இளகியிருந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டத் தொடங்கினார்.